அலமேலு என்னும் பெயரின் வயது

அலமேலு என்பது முழுப்பெயர் அல்ல, ஒரு தொடரின் முன்பாதி. முழுத்தொடர் ‘அலர்மேல் மங்கை’. அலர் என்றால் விரிந்த பூ, இங்கே தாமரை. அதன்மேல் வீற்றிருக்கும் மங்கை திருமகள். பேச்சில் மங்கை உதிர்ந்துபோய், ‘பூவின்மேல்’ என்ற பாதி மட்டும் பெண்ணுக்குப் பெயராக நின்றுவிட்டது.

கமலா, பத்மா, சரோஜா, அம்புஜம், பங்கஜம் என்று தாமரையைச் சொல்லும் பெண்பெயர்கள் பாட்டிகள் தலைமுறையில் நிறைய உண்டு. அத்தனையும் வடசொற்கள். அதே தலைமுறையில், அதே தாமரையைத் தமிழ்ச்சொல்லாலேயே சொன்ன பெயர் அலமேலு. ஆனாலும் மகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று பட்டியல் பட்டியலாகத் தேடுகிறவர்கள் இந்தப் பெயரைத் தொடாமல் தாண்டிப் போகிறார்கள். கயல்விழி தெரிகிறது, மலர்விழி தெரிகிறது, அலமேலு தமிழாகத் தெரிவதில்லை. ‘பாட்டி பெயர்’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு பக்கம், ‘தெலுங்குப் பெயர்’ என்று ஒதுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவது தவறு.

பாசுரத்திலிருந்து வீட்டுக்கு

இந்தத் தொடர் நமக்கு நன்றாகத் தெரிந்த இடம் நம்மாழ்வாரின் திருவாய்மொழி. ஆறாம் பத்து, பத்தாம் திருவாய்மொழி, பத்தாம் பாசுரம்: ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறைமார்பா.’ ஒரு நொடியும் பிரிய மாட்டேன் என்று சொல்லித் திருமகள் குடியிருக்கும் மார்பை உடையவனே என்று வேங்கடவனை விளித்துத் தொடங்கும் பாட்டு. ‘புகல் ஒன்று இல்லா அடியேன்’ என்று சரணடைவதில் அது முடிகிறது. வைணவர்களின் சரணாகதி மந்திரமான துவயத்தின் பொருளைத் தமிழில் விரித்த பாசுரமாக அவர்கள் இதைக் கொள்கிறார்கள். ஆகவே அது ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும் பாட்டல்ல, தனியே எடுத்து அன்றாடம் சொல்லப்படுவது. நாலாயிரமும் தெரியாத வீட்டிலும் இந்த ஒரு பாசுரம் தெரிந்திருக்கும்.

திருமலைக் கோயிலில் தாயாருக்குத் தனிச் சன்னதி கிடையாது. பாசுரம் சொல்வது போலவே தாயார் இருப்பது பெருமாளின் மார்பில். தனிக்கோயில் மலைக்குக் கீழே, திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளித் திருச்சானூரில் இருக்கிறது. அங்கே தாயாருக்கு வடமொழியில் பத்மாவதி, தமிழில் அலர்மேல்மங்கை. ஊருக்கும் அலமேலுமங்காபுரம் என்று ஒரு பெயர் உண்டு.

இப்படி ஒரு தொடரை அப்படியே பெண்ணுக்குப் பெயராக வைப்பது தமிழில் புதிய வழக்கமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல்மகளிர்) 400 பேரின் பெயர்கள் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’ என்ற சிவன் பெயர். அந்த வரிசையில் தில்லையழகி வருகிறாள், திருவையாறு வருகிறாள், எடுத்தபாதம் வருகிறாள். தூக்கிய திருவடி என்பதே ஒரு பெண்ணின் பெயர். அங்கே பாதம், இங்கே பூ. சாமியின் கோலத்தில் ஒரு துண்டை எடுத்துப் பெண்ணுக்கு வைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

‘அலர்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். அகப்பாடல்களில் அலர் என்றால் ஊரார் பேசும் பழிப்பேச்சு; திருக்குறளின் 115ஆம் அதிகாரமே ‘அலர் அறிவுறுத்தல்’. அந்தச் சொல்லைக் குழந்தைக்கு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். அலர்தல் என்றால் இதழ் விரிதல். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைச் சொல்லும்போது நன்றாக விரிந்து நிற்கும் நிலைதான் அலர். மூடிக்கிடந்த காதல் ஊர்வாயில் விரிவதால் பழிப்பேச்சுக்கும் அந்தப் பெயர் வந்தது. மூலப்பொருள் பூதான். ‘மேல் மங்கை’ என்று அடுத்து வந்த பிறகு வேறு பொருளுக்கு அங்கே இடமில்லை.

தேய்ந்த விதம்

அலர்மேல்மங்கை அலமேலு ஆனது தாறுமாறாக நடந்த சிதைவல்ல. பேச்சுத்தமிழ் எல்லாச் சொற்களுக்கும் செய்வதைத்தான் இதற்கும் செய்தது. முதலில், மெய்க்கு முன்னால் நிற்கும் ரகர ஒற்று மறைந்தது. பார்த்து என்பது பாத்து ஆகிறது, சேர்த்து என்பது சேத்து ஆகிறது, வளர்த்தது வளத்தது ஆகிறது. அதே போக்கில் அலர்மேல் அலமேல் ஆனது. அடுத்து, லகர மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் ஒட்டியது. வேல் வேலு ஆவதும், பால் பாலு ஆவதும் இப்படித்தான். அலமேல் அலமேலு ஆனது. மூன்றாவதாக, நீளமான பெயரின் பின்பாதியைக் கூப்பிடும் வாய் விட்டுவிட்டது.

விட்ட பின்பாதி வீணாகவில்லை. அது தனிப்பெயராகப் பிழைத்தது: மங்கை, மங்கா, மங்கம்மா. ஒரே தாயாரின் பெயரிலிருந்து அக்காளுக்கு அலமேலு, தங்கைக்கு மங்கை என்று பிரித்து வைத்துக்கொள்ள இது வசதி. இந்த இடத்தில் இரண்டு குழப்பங்கள் வரும். மங்களம் என்ற பெயர் இந்தக் கிளையைச் சேர்ந்ததல்ல. அது நன்மை, சுபம் என்ற பொருளுள்ள வடசொல். திருமங்கையாழ்வாரின் மங்கையும் பெண்ணல்ல. அது அவர் ஆண்ட ஊர். குடும்ப மரம் எழுதும்போது ‘மங்கா’ என்ற சுருக்கத்தைப் பார்த்து அலமேலுமங்கை என்று விரித்துவிட்டால், மங்களாம்பிகை என்ற பெயருடைய ஒரு பாட்டியை இழக்க நேரலாம். சுருக்கத்தைச் சுருக்கமாகவே எழுதிவைத்து, முழுப்பெயருக்கு ஆவணம் கிடைத்த பிறகு விரிப்பது நல்லது.

கூப்பிடும் வடிவங்களில் பரவலானது அலமு. கொஞ்சம் மரியாதை சேர்ந்தால் அலமேலம்மா, அலமேலம்மாள். செட்டிநாட்டில் அலமேலு ஆச்சி. நாட்டுப்புறப் பேச்சில் இரண்டாம் எழுத்தும் உகரமாகி அலுமேலு என்று வரும். முழுவடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பரதநாட்டியக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரில் ரகர ஒற்று இன்னும் அப்படியே நிற்கிறது.

இனி தெலுங்குக் கதை. தெலுங்கில் ‘லு’ பன்மை விகுதி. அலமேலு என்று கேட்டவுடன் தெலுங்கு என்று தோன்றுவதற்கு இந்த ஓசைதான் காரணம். பயணம் உண்மையில் எதிர்த்திசையில் நடந்தது. 15ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியர் (1408–1503) வேங்கடவன்மேல் ஆயிரக்கணக்கில் பாடிய தெலுங்குச் சங்கீர்த்தனங்களில் தாயார் திரும்பத் திரும்ப அலமேலுமங்க என்றே வருகிறாள். ‘அலருலு குரியக ஆடெனதே’ என்று தொடங்கும் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பூக்கள் சொரிய அவள் ஆடினாள் என்று எடுத்து, அதே அடியில் அலமேலுமங்க என்று முடிப்பார். தெலுங்கிலும் அலரு என்றால் பூ. பெயருக்குள் இருந்த பூவை அவர் கேட்டிருக்கிறார். ‘மேல்’ என்ற தமிழ் உருபு மட்டும் தெலுங்குக் காதுக்கு விளங்காத துண்டு. அந்தத் துண்டு பிற்காலத்தில் அங்கே மேலும் உருமாறி அலிவேலு ஆனது. அலிவேலுமங்க, அலிவேலம்மா எல்லாம் அந்த வழியில் வந்தவை. வடஎல்லை ஊர்களில் தமிழ்க்குடும்பங்களிலும் அலிவேலு என்ற வடிவம் தென்பட்டால் அது தெலுங்கு வழியாகச் சுற்றித் திரும்பி வந்தது என்று கொள்ளலாம்.

கன்னடத்தில் அலமேலம்மா என்ற பெயர் ஒரு சாபத்தோடு சேர்ந்து நினைவில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பிரதிநிதியாக இருந்த திருமலராஜனின் மனைவி அலமேலம்மா. 1610இல் மைசூர் ராஜ உடையார் பட்டணத்தைப் பிடித்தபின், அவளிடமிருந்த நகைகளைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு அவள் காவிரியில் குதித்தாள் என்பது கதை. அவளுடைய உருவத்துக்கு மைசூர் அரண்மனையில் இன்றும் பூசை நடக்கிறது. கதையின் வரலாற்று மெய் எப்படியிருந்தாலும், வேங்கடவனை வழிபட்ட குடும்பங்களோடு இந்தப் பெயரும் காவிரியின் மேற்பகுதி வரை போயிருந்தது என்பதற்கு அது சான்று.

ஒரு பெயர் எப்போது வழக்கில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

சில நாடுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி அரசே வெளியிடுகிறது. நம்மிடம் அப்படியொரு வரிசை கிடையாது. ஆகவே அலமேலு எந்தப் பத்தாண்டில் உச்சத்தில் இருந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் நாமே எண்ண வேண்டும். கையில் கிடைக்கும் சிறந்த கருவி வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதி, பாகம் என்று பிரித்துத் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு பாகத்தில் சுமார் ஆயிரம் பேர். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் இருக்கும்.

வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும். பட்டியலின் முகப்பில் தகுதி நாள், அதாவது எந்த நாளை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்பது, அச்சிட்டிருக்கும். அது 1-1-2025 என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் வயது 72 என்றால், 2025இலிருந்து 72ஐக் கழித்து 1953 என்று எழுதிவிடக் கூடாது. ஜனவரி முதல் தேதியில் 72 முடித்திருப்பவர் கிட்டத்தட்ட எப்போதும் 1952இல் பிறந்தவர்தான். எனவே இன்னும் ஒன்று கழிக்க வேண்டும். 2022 முதல் தகுதி நாள் ஆண்டுக்கு நான்காகிவிட்டது என்பதால் முகப்பைப் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது.

அடுத்த தவறு இன்னும் பெரியது. அலமேலுக்களை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். 1930களில் பிறந்த பெண்களில் பெரும்பகுதியினர் இன்று உயிரோடு இல்லை. அந்தப் பத்தாண்டில் ஒரே ஒரு அலமேலு கிடைப்பதும், 1980களில் ஒரே ஒரு அலமேலு கிடைப்பதும் சமமல்ல. அந்த வயதுப் பெண்கள் மொத்தம் எத்தனை என்பதையும் எண்ணி, விகிதமாக மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, 70 முதல் 79 வயதுப் பெண்கள் 40 பேரில் 2 அலமேலு என்றால் நூற்றுக்கு 5. 30 முதல் 39 வயதுப் பெண்கள் 130 பேரில் 1 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பாகத்தை வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது. ஒரே வீட்டின் இரண்டு பாட்டிகள் கணக்கைப் புரட்டிவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் குறைந்தது பத்துப் பதினைந்து பாகங்களாவது எடுத்துக் கூட்ட வேண்டும்.

வயதானவர்களின் வயதில் 60, 65, 70 என்று ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் எண்கள் மிகுதியாக இருக்கும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்குக் குத்துமதிப்பாகப் போட்ட வயது அது. ஆகவே ஆண்டுவாரியாகப் பார்ப்பதில் பயனில்லை, பத்தாண்டுவாரியாகப் பாருங்கள். எழுத்து வடிவங்களையும் முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும்: அலமேலு, அலமேல், அலுமேலு, அலமேலம்மாள், அலமேலுமங்கை, அலர்மேல்மங்கை, அலிவேலு. பல பட்டியல்கள் படமாக ஏற்றப்பட்டவை. தேடுபெட்டியில் தட்டினால் ஒன்றும் வராது. எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் ‘மே’ ‘மெ’ ஆகிவிடும், சில இடங்களில் லகரம் வகரமாகும். பொறுமையிருந்தால் கண்ணால் வாசிப்பதே நம்பகமானது. தமிழ்நாட்டின் 2002, 2005 ஆண்டுப் பழைய பட்டியல்களும் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. இன்று இல்லாத பாட்டிகளைப் பிடிக்க அவை உதவும். இதெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் விவரம் என்பதை மறந்துவிடக் கூடாது. எண்ணிக்கையை எழுதிக்கொண்டு பெயரையும் வீட்டு எண்ணையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வாக்காளர் பட்டியல் 18 வயதுக்குக் கீழ் எதையும் சொல்லாது. அது சொல்லாத இன்னொன்று பாட்டி, பேத்தி உறவு. பாட்டியின் பெயர் பேத்திக்கு எந்தத் தலைமுறையோடு நின்றது என்று தெரிய வேண்டுமானால் கல்யாணப் பத்திரிகைகளை எடுக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகையைப் போல் மூன்று தலைமுறையை ஒரே தாளில் அடக்கிய ஆவணம் குறைவு. ‘காலஞ்சென்ற’ இன்னாரின் பேத்தி, இன்னார் தம்பதியின் மகள் என்று மணமகளுக்கு மேலே இரண்டு படி ஏறிப் போகலாம். ஒரு குடும்பத்தின் பத்திரிகைகளை வரிசையாக அடுக்கினால், அலமேலு மணமகள் வரியிலிருந்து தாய் வரிக்கும், அங்கிருந்து பாட்டி வரிக்கும், கடைசியில் ‘காலஞ்சென்ற’ வரிக்கும் போவதை நேராகப் பார்க்கலாம்.

தேதி கிழிந்துபோன பத்திரிகையா? மேலே ‘ஸ்ரீ வேங்கடேசப் பெருமாள் துணை’ என்று போட்டிருக்கும் அல்லவா, அந்த ‘ணை’யைப் பாருங்கள். இன்று எழுதுவது போல ஐகாரக் குறி தனியாக முன்னால் நின்றால் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். குறி எழுத்தோடு வளைந்து சேர்ந்திருந்தால் முந்தியது. தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். சிறிய அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பயன்படுத்தின என்பதால் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். அலமேலு என்ற சொல்லில் சீர்திருத்தம் தொட்ட எழுத்து எதுவும் இல்லை. பெயரை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாது.

பாத்திரங்களில் வெட்டிய பெயர்களும் நல்ல சான்றுதான். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பித்தளைக் குடம், பிற்பாடு மின்பேனாவால் எழுதிய எவர்சில்வர் தூக்கு. இங்கே வரும் சிக்கல், பெயர் யாருடையது என்பது. சீர்ப்பாத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் பெண்ணின் பெயர், முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்தோடு. விசேஷ வீட்டில் கொடுத்த அன்பளிப்பில் இருப்பது கொடுத்தவர்களின் பெயரும் தேதியும். தேதி இருந்தால் அன்பளிப்பு, தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் சீர் என்று முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். வெட்டுகிறவர் கொம்பின் சுழியை விட்டுவிட்டு ‘அலமெலு’ என்று குத்தியிருப்பார். அது தனி வடிவமல்ல. ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். சுழித்த கொம்பு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகே வழக்குக்கு வந்தது.

கடல் கடந்த அலமேலுக்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் எல்லாம் இருக்கின்றன. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியது என்பதால் உயிரெழுத்தை நம்பித் தேடக் கூடாது. ல-ம-ல என்ற மெய்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டு, லகரம் இரட்டித்த வடிவம், கடைசியில் இரண்டு ‘ஓ’ போட்ட வடிவம், ‘அம்மா’ ஒட்டிய வடிவம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பிரெஞ்சுப் பதிவுகளில் உகரத்துக்கு ‘ஓ’, ‘யூ’ இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும்.

ஏன் குறைந்தது

பெயர் பழசாகிவிட்டது என்பது விளக்கமாகாது. லட்சுமியும் பழசுதான், ஏதோ ஒரு முன்னொட்டோடு இன்னும் வைக்கிறார்கள். அலமேலு குறைந்ததற்கு, அந்தப் பெயரை உண்டாக்கிக்கொண்டிருந்த ஏற்பாடே நின்றுபோனதுதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ஏற்பாடு இரண்டு கால்களில் நின்றது. ஒன்று திருப்பதி வேண்டுதல். வேங்கடவனைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில் பையனுக்கு வேங்கடாசலம், சீனிவாசன், ஏழுமலை, கோவிந்தன்; பெண்ணுக்கு அலமேலு அல்லது மங்கை. இதில் சாதி வேறுபாடு பெரிதாக இல்லை. அய்யங்கார் வீட்டிலும் அலமேலு, நெல் வயலில் நாற்று நடும் பெண்ணும் அலமேலு. வட மாவட்டங்களில் இந்தப் பெயர் அடர்ந்து கிடப்பதற்கு மலை பக்கத்தில் இருந்தது காரணம். 1953இல் ஆந்திரம் பிரியும்வரை திருப்பதியும் சென்னையும் ஒரே மாகாணத்தில்தான் இருந்தன.

இன்னொரு கால், பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது. பேரன், பேத்தி என்ற உறவுச்சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. ஐந்தாறு பிள்ளைகள் பிறந்த காலத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயர், அடுத்தவளுக்கு அம்மாச்சி பெயர், மூன்றாவதுக்குப் பிடித்த பெயர் என்று எல்லாருக்கும் இடமிருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. இருக்கும் ஒரு மகளுக்குக் கடமைக்காக வைப்பதா, ஆசைக்காக வைப்பதா என்று வரும்போது கடமை தோற்றுவிடுகிறது. ரசனை மாறியதைவிட இந்தக் கணக்கு மாறியதே பெரிய காரணம். பாட்டி பெயரை வைத்த வீடுகளிலும் ஒரு தடை இருந்தது. மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. குழந்தையைப் பெயர் சொல்லி அதட்டினால் மாமியாரை அதட்டியது போலாகும். ஆகவே பதிவேட்டில் அலமேலு, வாயில் பாப்பா, செல்வி, ராணி. அடுத்த தலைமுறையின் நினைவில் நின்றது வாயில் இருந்த பெயர்தான்.

தனித்தமிழ் இயக்கம் 1916இல் மறைமலையடிகளோடு தொடங்கியபின், தமிழ்ப்பெயர் சூட்டுவது ஒரு கொள்கையாக வளர்ந்தது. தமிழ்ச்செல்வி, பூங்கோதை, மலர்க்கொடி எல்லாம் அந்த அலையில் பெருகியவை. அலமேலுவைத் திருத்தி அலர்மேல்மங்கை என்று வைத்தவர்கள் உண்டு, ஆனால் சிலர்தான். பக்திப் பெயராகத் தெரிந்ததால் பகுத்தறிவு வீடுகள் அதை எடுக்கவில்லை. தமிழாகத் தெரியாததால் தமிழ்ப்பற்றாளர்கள் எடுக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அலர், மேல் என்ற இரண்டு சொல்லும் எந்தத் தமிழ் அகராதியிலும் இருக்கின்றன.

நாடக மேடையும் திரையும் செய்த கெடுதலும் சேர்ந்தது. கடுகடுத்த மாமியாருக்கும் கேலிக்குரிய கிழவிக்கும் இந்தப் பெயரை வைத்து வைத்தே அதன் வயதைக் கூட்டிவிட்டார்கள்.

கடைசியாக வந்தது நட்சத்திர எழுத்து. இன்று சோதிடர் எழுதிக் கொடுக்கும் முதலெழுத்தில்தான் தேடல் தொடங்குகிறது. 27 நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், மொத்தம் 108. அதில் ‘அ’ விழுவது கார்த்திகை நட்சத்திரத்தின் முதல் பாதத்துக்கு. பாதத்தைக் கண்டுகொள்ளாமல் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தாலும் 27 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் இந்தப் பெயர் வரிசையில் வரும். திருச்சானூரில் கார்த்திகை மாதப் பிரம்மோற்சவம் பஞ்சமி தீர்த்தத்தோடு நிறைவது தாயாரின் அவதார நாளில். அந்த நாளின் நட்சத்திரம் உத்திராடம். அதற்கு உரிய எழுத்துகள் பே, போ, ஜ, ஜி. இந்த முறைப்படி பார்த்தால் தாயாருக்கே இந்தப் பெயர் வராது. வேண்டுதலுக்குப் பெயர் வைத்த காலத்தில் யாரும் முதலெழுத்து பார்த்து வைக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று வைப்பதானால்

எந்த வடிவத்தை எடுப்பது என்பதில் எனக்கு அலமேலுதான் முதல். நான்கே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏழே எழுத்து, ழகரமோ ஞகரமோ இல்லாததால் தமிழ் தெரியாதவர்களும் ஏறக்குறைய சரியாகவே சொல்வார்கள். பொருள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பவர்கள் அலர்மேல்மங்கை என்றே வைக்கலாம். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து வரும். இரண்டுக்கும் நடுவில் அலர்மங்கை என்று சுருக்குகிறார்கள். அதில் ‘மேல்’ போய்விடுவதால் பொருள் மாறிப் பூப்போன்ற மங்கை ஆகிவிடும். கெட்ட பெயரல்ல, ஆனால் அது வேறு பெயர்.

எண்கணிதம் பார்க்கிற வீட்டில் ஆங்கில எழுத்தை நீட்டச் சொல்லி யோசனை வரும். ஆங்கில எழுத்துக்கு ஒரு எண் கொடுத்துக் கூட்டும் கல்தேய முறையில் அலமேலுவின் ஏழு ஆங்கில எழுத்துகளுக்கும் 1, 3, 1, 4, 5, 3, 6 என்று மதிப்பு, கூட்டினால் 23. எண்கணிதக்காரர்கள் நல்ல எண் என்று கொண்டாடும் எண்களில் ஒன்று அது. இரண்டு ‘ஏ’, இரண்டு ‘ஓ’ என்று எதையும் செருக வேண்டியதில்லை. செருகினால் பள்ளியில் ஒரு வடிவம், வங்கியில் ஒரு வடிவம் என்று ஆகி, திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

முழுவடிவத்தை வைப்பவர்கள் நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவது நல்லது. அலர்மேல் மங்கை என்று இரண்டாகப் பிரித்தால், முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும் விண்ணப்பங்களில் அலர்மேல் முதற்பெயராகவும் மங்கை குடும்பப்பெயராகவும் பதிவாகிவிடும். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால், அப்பா பெயரோ அம்மா பெயரோ எது பின்னால் வரப்போகிறது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அப்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, தமிழ்நாட்டில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் 200 ரூபாயோடு சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவதுதான் கடினம். 1-10-2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், சான்றிதழை வாங்கியதும் தமிழில் ‘மே’ நெடிலாக இருக்கிறதா, ஆங்கிலத்தில் ஏழு எழுத்தும் சரியா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். எழுத்துப்பிழை என்றால் பதிவாளரிடமே திருத்தலாம். பள்ளிச் சான்றிதழ் வரை பிழை போய்விட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுக்கும் வரை அலைய நேரும்.